தடுப்பாட்டக்காரரும் வரலாறும்: புறூஸ் டூல் பற்றிய ஆதரவாளர் நினைவுகளை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் எண்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வென்றவர் யார், எத்தனை ஓட்டங்கள், எத்தனை கோல்கள் என்பனவே ஏடுகளில் இடம்பெறுகின்றன. ஏட்டில் இடம்பெறுவதற்கு ஒன்று நிகழ்ந்திருத்தல் வேண்டும். நிகழவிருந்த ஒன்றை நிகழாமற் செய்தவரின் செயலை எந்த நிரலில் எழுதுவது? முதற்பார்வையிற் சிறிதெனத் தோன்றும் இவ்வினா வரலாற்று மாணவருக்கு அத்துணைச் சிறிதன்று. உண்மைகள் தாமாகப் பேசுவதில்லை, வரலாற்றாசிரியன் அழைக்கும்போதே பேசுகின்றன என்னும் கருத்தினை ஈ. எச். கார் 1961 இல் வெளிவந்த தமது நூலில் ஆராய்ந்துள்ளமை கலைப்பீடத்து மாணவர் பலரும் அறிந்ததே. ஆயின், ஏட்டில் ஏறாத செயல்களை வரலாற்றாசிரியன் எவ்விடத்திலிருந்து அழைப்பது? அவுஸ்திரேலிய விதிகளின்படி ஆடப்படும் உதைபந்தாட்டத்திற் புகழ்பெற்ற பின்வரிசை வீரரான புறூஸ் டூல் என்பவரை அவரது ஆதரவாளர் நினைவுகூரும் முறையினை முன்வைத்து இவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விளையாட்டு நம் நாட்டவர்க்குப் பெரிதும் பழக்கமற்றது. அதன் தலைமைக் களமான மெல்பேண் கிரிக்கெற் மைதானத்தை நாம் வேறொரு காரணத்தால் அறிவோம். 1995 டிசெம்பரில் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றதென நடுவர் ஒருவர் மீண்டும் மீண்டும் அறிவித்தது அக்களத்திலேதான். அதே களத்தில் வழமையாகச் செப்டெம்பர் இறுதியில் ஓர் இலட்சம் வரையிலான மக்கள் கூடி உதைபந்தாட்ட இறுதிப் போட்டியைக் காண்கின்றனர். கிரிக்கெற்றுக்கும் இவ்விளையாட்டிற்கும் உள்ள உறவும் பழையதே. குளிர்காலத்திற் கிரிக்கெற் வீரர்கள் உடல் தளராதிருக்க உதைபந்தாட்டக் கழகம் ஒன்று வேண்டுமென ரொம் வில்ஸ் என்பவர் 1858 இல் மெல்பேண் பத்திரிகையொன்றிற்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு, 1859 மே மாதத்தில், முதல் விதிகள் எழுதப்பட்டன. இங்கிலாந்திற் சங்க உதைபந்தாட்டத்தின் விதிகள் 1863 இலேயே வகுக்கப்பட்டன என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. 1897 இல் விக்ரோரிய உதைபந்தாட்ட லீக் தன் முதற் பருவத்தை நடத்தியது. 1990 இல் அது அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அணிக்கு 18 பேர் களத்தில் நிற்பர். களம் நீள்வட்டமானது, பந்தும் முட்டை வடிவினது. இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நாட்டப்பட்டிருக்கும். நடுவிலுள்ள உயர்ந்த இரு கம்பங்களுக்கிடையே காலால் உதைக்கப்பட்ட பந்து சென்றால் அது கோல். பெறுமதி 6 புள்ளிகள். அவற்றின் அருகேயுள்ள இடைவெளிகளில் சென்றால் 1 புள்ளி மட்டுமே. கோல் விழுந்ததும் அதற்கென நிற்கும் நடுவர் இரு வெண்கொடிகளை அசைப்பார். ஒரு புள்ளிக்கு ஒரு கொடி. மறுமுனையில் நிற்கும் நடுவர் அக்கொடிகளைக் கண்டு தானும் கொடியசைத்து ஏட்டிற் பதிவு செய்வார். அழகான ஏற்பாடுதான். ஆயின் ஒரு கோல் தடுக்கப்படும்போது எந்தக் கொடியும் அசைவதில்லை.

இக்கொடிகளின் ஏட்டிலிருந்தே இவ்விளையாட்டின் வீரவழிபாடு எழுந்தது எனலாம். ஒரு பருவத்தில் 100 கோல்கள் அடித்த முன்வரிசை வீரரைக் கொண்டாட மக்கள் வேலி தாண்டிக் களத்தினுட் பாய்ந்தோடுவது வழக்கமாயிருந்தது. 1934 இல் தென் மெல்பேண் கழகத்தின் பொப் பிறற் ஒரே பருவத்தில் 150 கோல்களை அடித்தார். 1971 இல் ஹோதோர்ன் கழகத்தின் பீற்றர் ஹட்சன் அவ்வெண்ணை எட்டினார், கடக்கவில்லை. அவ்வாண்டின் இறுதிப் போட்டிக்குள் 147 கோல்களுடன் நுழைந்த அவர், ஆட்டத்தின் தொடக்கத்திலேயே தலையில் அடிபட்ட நிலையிலும் 3 கோல்களை அடித்தார். நான்காவது கோல் வரவேயில்லை. அன்று அவருக்கெதிரே நின்ற சென். கில்டா கழகத்தின் கடைக்காவலர் பரி லோறன்ஸ் என்பவராவார். 150 என்ற எண் எல்லா நூல்களிலும் உண்டு. நிகழாத அந்த 151 ஆவது கோலின் ஆசிரியர்களுள் ஒருவர் லோறன்ஸ் என்று எழுதுவதற்கு எந்த அட்டவணையிலும் நிரல் இல்லை.

இன்னுமொன்று கூறலாம். நெருக்கடியில் அகப்பட்ட பின்வரிசை வீரர் பந்தைத் தாமே தம் முனையின் கோட்டைக் கடக்கச் செய்துவிட்டால் எதிரணிக்கு 1 புள்ளி கிடைக்கும். 6 புள்ளிகள் போகாமற் காக்கப்படும். இதுவே அக்காலப் புள்ளித்தாள்களில் தடுப்பாட்டக்காரரின் உழைப்பு விட்டுச்செல்லும் ஒரே தடயம் எனலாம். எதிரணி வீரர் ஒவ்வொருவரின் பெயருக்கும் நேரேயுள்ள எண்களைக் கூட்டினால் அணியின் மொத்தத்திலும் ஒன்றோ இரண்டோ குறையும். அந்த எச்சத்திற்குப் பெயரில்லை. காத்தவரின் செயல் பகைவரின் கணக்கில், அதுவும் பெயரின்றி, எழுதப்படுவது வியப்புக்குரிய கணக்கியலே.

புறூஸ் டூல் 1950 இற் பிறந்தவர். மெல்பேணின் வடபுறத்திலுள்ள ஜக்கானா என்னும் புறநகரிலிருந்து கார்ல்ரன் கழகத்திற் சேர்ந்து, 1969 இல் 18 வயதில் முதன்முறையாக உயரணியில் ஆடினார். 1986 இல் ஓய்வுபெறும்வரை 18 பருவங்களில் 356 போட்டிகள் ஆடினார். அக்கழகத்திற்காக அதுவரை எவரும் அத்தனை போட்டிகள் ஆடியதில்லை. பிற்காலத்திற் கிரெய்க் பிறட்லி என்பவரே அதனைக் கடந்தார். 1972, 1979, 1981, 1982 ஆகிய நான்கு ஆண்டுகளிற் சம்பியன் பட்டம் வென்ற அணிகளில் டூல் இடம்பெற்றார். 1974, 1977, 1980, 1984 ஆகிய நான்கு பருவங்களிற் கழகத்தின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவுசெய்யப்பட்டார். அவர் அடித்த கோல்கள் 22. ஹட்சன் ஒரு பருவத்தில் அடித்தவை 150. டூல் 18 பருவங்களில் அடித்தவை 22. புள்ளித்தாளை மட்டும் கொண்டு வரலாறு எழுதுவோர் இவ்விரண்டாவது எண்ணைக் கண்டு அவரைக் கடந்து போய்விடுவர்.

மேலும், இவ்விளையாட்டில் எதிரியைப் பற்றிப் பிடித்துத் தடுக்கும் செயல்கள் லீக்கின் புள்ளிவிபரங்களில் ஒழுங்காக எண்ணப்படத் தொடங்கியது 1987 இல். டூல் ஓய்வுபெற்றது 1986 இல். எதிரியின் கைக்கெட்டும் பந்தை முட்டியால் தட்டி விலக்குதல் போன்ற சிறுசெயல்கள் எண்ணப்பட்டதோ 1990களின் பிற்பகுதியிலேயே. எனவே அவர் எத்தனை முறை பற்றினார், எத்தனை முறை தட்டினார் என்பதை இனி எவரும் கூறமுடியாது. லீக்கின் உயரிய தனிநபர் விருதான பிறவுண்லோ பதக்கம் களநடுவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் மூவருக்கு வழங்கும் 3, 2, 1 என்னும் வாக்குகளால் தீர்மானிக்கப்படுவது. நடுவரின் கண் பந்தின் பின்னே ஓடுவது. நடுக்களத்தவரே அவ்வாக்குகளைப் பெரிதும் பெற்றுவந்தனர். டூல் அப்பதக்கத்தை ஒருபோதும் பெற்றதில்லை.

ஏடு இவ்வாறு கைவிட்ட இடத்திலேதான் ஆதரவாளரின் நினைவு தொடங்குகிறது. அந்நினைவிற் டூலுக்கு வழங்கும் முதற்பெயர் ‘பறக்கும் கால்மிதி’ என்பதாகும். முன்னாள் கொலிங்வூட் அணித்தலைவரும் பின்னாள் வர்ணனையாளருமான லூ றிச்சர்ட்ஸ் இட்ட பட்டப்பெயர் இது. டூலின் உச்சந்தலை இளமையிலேயே வழுக்கையாயிற்று; ஆனால் சுற்றியிருந்த முடியை அவர் நீள வளர்த்திருந்தார்; தாடியும் உண்டு. நெற்றியில் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு அவர் ஓடும்போது அம்முடி பின்னே எழுந்து பறக்கும். நம் ஊர்களிலும் பட்டப்பெயரை உரியவரின் முகத்துக்கெதிரே சொல்வதற்கு ஓர் உரிமை வேண்டும்; அன்பு மிக்கவிடத்தே அவ்வுரிமை கிடைக்கும். கார்ல்ரன் ஆதரவாளர் பகைக்கழகத்தவர் இட்ட பெயரைத் தமதாக்கிக்கொண்டு, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கையளித்துள்ளனர். கால்மிதி என்பது எவரும் மிதித்துச் செல்வது. இவரையோ முன்வரிசையினர் மிதித்துக் கடப்பது அரிதாயிருந்தது. இம்முரணை எண்ணித்தான் றிச்சர்ட்ஸ் பெயரிட்டார் எனக் கொள்வது மிகையாகலாம். தலைமுடியே அவருக்குப் போதிய காரணம்.

ஆதரவாளர் நினைவில் அடுத்து நிற்பது டூலின் மௌனம். அவர் பேட்டிகளைத் தவிர்த்தார், மேடைகளை விரும்பவில்லை, களத்திலும் ஆளை நோக்காது பந்தையே நோக்கி ஆடுபவரெனப் பெயரெடுத்தார். விளையாட்டு வீரர் விளம்பரப் பொருளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1970களின் இறுதியிலும் 1980களிலும் கழகங்கள் பெருவணிகத்தின் பிடிக்குள் வேகமாகச் சென்றன. 1982 இல் தென் மெல்பேண் கழகம் சிட்னி நகருக்கே பெயர்க்கப்பட்டது. அச்சூழலில் எதையும் விற்காத, எதையும் பேசாத ஒருவர் மீது ஆதரவாளர் கொண்ட பற்று தனியொருவர் மீதான பற்று மட்டுமன்று என்பதே எமது கருத்தாகும். தம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த ஒரு விளையாட்டை அவர்கள் அவரிற் கண்டனர். இதனாற்றான் அவரைப் பற்றிய பேச்சில் அவரது திறமையையும் அடக்கத்தையும் அவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆயினும், இதனை ஏழைகளின் கழகம் ஒன்றின் கதையாக எழுதிவிடுதல் பிழையாகும். கார்ல்ரன் செல்வாக்கு மிக்க கழகம். முன்னாட் பிரதமர் ரொபேட் மென்சீஸ் அதன் தீவிர ஆதரவாளர். 1970களிற் பக்கவாதத்தால் நடமாட இயலாதிருந்த அவர் காரில் இருந்தவாறே ஆட்டம் பார்ப்பதற்காகக் கழகத்தின் பிறின்சஸ் பார்க் மைதானத்தில் ஒரு சாய்தளமே அமைத்துக் கொடுக்கப்பட்டது. மறுபுறத்தில், கார்ல்ரன் என்னும் அப்பகுதி போருக்குப் பின் இத்தாலியக் குடியேற்றத்தினர் நிறைந்து வாழ்ந்த பகுதி. கழகத்தின் நட்சத்திரமான அலெக்ஸ் ஜெசலெங்கோ ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகரிற் பிறந்து பெற்றோருடன் அகதியாய் வந்தவர். சாய்தளத்தின் மேல் ஒரு முன்னாட் பிரதமர், கீழே நின்றவாறே பார்க்கும் மேடைகளிற் தொழிலாளரும் குடியேறியோரும் மாணவரும். பக்கத்திலேயே மெல்பேண் பல்கலைக்கழகம். ஒரே வீரரை இவ்வளவு வேறுபட்டோரும் ஒரே பெயரால் அழைத்தனர் என்பதே வியப்பு.

இங்கே பார்வையின் இடம் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தொலைக்காட்சிப் படக்கருவி பந்தைத் தொடர்கிறது. பந்து வருமுன்னர் பின்வரிசை வீரர் எங்கே நகர்ந்தார், எதிரியை எப்பக்கம் ஒதுக்கினார், எவ்வளவு முன்கூட்டியே பந்தின் போக்கை உணர்ந்தார் என்பவை சட்டகத்திற்கு வெளியே நிகழ்பவை. பந்து அவரிடம் வந்தடையும்போது அவர் அங்கே வெறுமனே நிற்பதுபோலவே திரையிற் தோன்றும். இறுதிப் போட்டி மெல்பேண் மக்களுக்கு முதன்முறையாக நேரடியாக ஒளிபரப்பப்பட்டது 1977 இலேயே. ஆதலால் டூலின் ஆட்டவாழ்வின் முற்பாதியை முழுமையாகக் கண்டவர்கள் மைதானத்தில் நின்றவர்கள் மாத்திரமே. அவர் அவசரப்பட்டதே இல்லை என்று ஆதரவாளர் சொல்லும்போது அது வெறும் புகழுரையன்று. படக்கருவிக்கு அகப்படாத, அவ்விடத்தில் நின்றவருக்கே அகப்படக்கூடிய ஒரு சான்று அது. வாய்மொழிச் சான்றுக்கு ஆவணச் சான்றிலும் குறைந்த இடமளிக்கும் நமது பழக்கம் இவ்விடத்தில் உதவாது.

ஏடும் நினைவும் ஒன்றுபட்ட நாளும் உண்டு. 1981 செப்டெம்பர் 26 அன்று கார்ல்ரனும் கொலிங்வூட்டும் இறுதிப் போட்டியிற் சந்தித்தன. பார்வையாளர் 112,964 பேர். மூன்றாங் காற்பகுதியிற் கொலிங்வூட் 21 புள்ளிகள் முன்னிலை பெற்றது. முன்னர் பல இறுதிப் போட்டிகளிற் கைக்கெட்டிய பட்டத்தைத் தவறவிட்ட கழகம் அது. அன்றேனும் வெல்லும் என அதன் ஆதரவாளர் நம்பியிருக்கக் கூடும். டேவிட் பார்க்கின் பயிற்றுவித்த கார்ல்ரன் அணி அக்காற்பகுதி முடியுமுன்னரே மீளத் தொடங்கி, இறுதியில் 92 இற்கு 72 என வென்றது. இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான நோர்ம் ஸ்மித் பதக்கம் 1979 இல் தொடங்கப்பட்டது. முதலாவதைக் கார்ல்ரனின் வெயின் ஹாம்சும் இரண்டாவதை ரிச்மன்டின் கெவின் பாட்லெற்றும் பெற்றனர். 1981 இல் அது 31 வயதினரான டூலுக்கு வழங்கப்பட்டது. பாட்லெற் அதனை வென்ற நாளில் அடித்த கோல்கள் 7. கோல் எண்ணிக்கை எதுவும் துணைநில்லாமல் அடுத்த ஆண்டே ஒரு பின்வரிசை வீரர் அதனைப் பெற்றமை, தெரிவாளரும் அன்று கொடிகளையன்றிக் களத்தையே நோக்கினர் என்பதைக் காட்டும்.

1982 இறுதிப் போட்டியில், 107,537 பேர் முன்னிலையில், கார்ல்ரன் ரிச்மன்டை 103 இற்கு 85 என வென்றது. ஆயின் அந்நாளைப் பற்றிக் கேட்டால் பலரும் முதலிற் சொல்வது புள்ளிகளையன்று. ஆட்டத்தினிடையே கார்ல்ரன் கழுத்துத் துண்டொன்றைத் தவிர வேறாடை அணியாத இளம்பெண்ணொருவர் களத்தினுள் ஓடிவந்து, வேறெவரையும் விடுத்து, நேரே டூலை அணுகினார். அணியிலேயே மிகக் கூச்சமுள்ளவர் அவர்தான் என்பதை நினைந்து மக்கள் இன்றும் நகைக்கின்றனர். முன்வரிசையினர் எவர் வந்தாலும் நிலைகுலையாதவர் அன்று எப்பக்கம் திரும்புவதென அறியாது நின்றார். வரலாற்றுப் பெறுமதி குறைந்த செய்தி எனச் சிலர் கருதலாம். மக்கள் நினைவு தன் நாயகனின் குணத்தை ஒரே காட்சியிற் சுருக்கி வைத்துக்கொள்ளும் விதத்திற்கு இதனிலும் நல்ல எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது.

அன்பு ஒரு சான்றாகும்போது அதனையும் ஏனைய சான்றுகளைப் போலவே சோதித்தல் கடன். டூலை எவரும் வென்றதில்லை என்பது ஆதரவாளர் மத்தியில் வழங்கும் பேச்சு. 1972 இறுதிப் போட்டியிற் கார்ல்ரன் 177 புள்ளிகள் பெற்று வென்றது. ஆனால் தோற்ற ரிச்மன்டும் 150 புள்ளிகள் பெற்றது. இறுதிப் போட்டிகளிலேயே மிக அதிகமான மொத்தப் புள்ளிகள் பெறப்பட்ட ஆட்டம் அது. அதனைப் பின்வரிசையின் பொற்காலமெனல் எவ்வாறு பொருந்தும்? மறு ஆண்டிலேயே ரிச்மன்ட் 116 இற்கு 86 எனப் பழிதீர்த்தது. 1986 இறுதிப் போட்டி டூலின் கடைசி ஆட்டம், 36 வயது. அன்று ஹோதோர்ன் 42 புள்ளிகளால் வென்றது; அதன் முன்வரிசை வீரர் ஜேசன் டன்ஸ்ரல் 6 கோல்கள் அடித்தார். நினைவுகூர்வோர் 1981 இற்குப் பலமுறை திரும்புவர். 1986 இற்கு அரிதாகவே செல்வர். தோல்வியின் பங்கை அணிக்கும் வெற்றியின் பங்கை நாயகனுக்கும் பிரித்தளிப்பது எல்லா நாட்டு வீரக்கதைகளுக்கும் பொதுவான இயல்பு. தவிர, அவரருகே ஜெவ் சௌத்பி போன்ற தேர்ந்த கடைக்காவலரும் நின்றனர் என்பதும், தடுப்பு ஒருவரின் தொழிலன்று என்பதும் இவ்வன்பின் வெளிச்சத்தில் மங்கிவிடுகின்றன.

மறுதிசையில் வைத்து நோக்கத்தக்கவர் புட்ஸ்கிறே கழகத்தின் ரெட் விற்றன். 1951 முதல் 1970 வரை 321 போட்டிகள் ஆடிய இவரும் நடு அரைப்பின்வரிசையிற் பெயர்பெற்றவரே. ஆயின் இவர் பேச்சாலும் புகழ்பெற்றவர். விக்ரோரிய மாநில அணியின் குரலாகவே விளங்கியவர். 1995 ஜூனில், புற்றுநோயாற் பார்வை மங்கிய நிலையில், மகன் துணையிருக்க, திறந்த காரில் மெல்பேண் மைதானத்தைச் சுற்றிவந்து மக்களிடம் விடைபெற்றார். இரண்டு மாதங்களில் மறைந்தார். விக்ரோரிய மக்கள் அக்காட்சியை மறக்கவில்லை. அவரது கழகத்தின் மைதானம் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. விற்றனுக்கு இத்தகைய பொதுச்சடங்கு வாய்த்தது. டூல் விடைபெற்ற நாளோ தோல்வியில் முடிந்த நாள். அவருக்கு அமைந்த சடங்கு ஆதரவாளரின் வீட்டுப் பேச்சிலும் மைதானத்து மேடைப் பேச்சிலுமே நிகழ்ந்து வந்தது. அம்மேடைகளுக்கு முன்னே ஆடவர் உயர்நிலை லீக்கின் ஆட்டங்கள் 2005 உடன் நின்றுபோயின.

1996 இல் லீக் தன் நூறாவது பருவத்தையொட்டி நூற்றாண்டின் அணி ஒன்றைத் தெரிவுசெய்தது. எண்களின் அட்டவணையைப் போலன்றி, களநிலைகளின் பட்டியலிற் பின்வரிசைக்கு ஆறு இடங்களை நிரப்பியே ஆகவேண்டும். அரைப்பின்வரிசையில் டூல், விற்றன், பிற்ஸ்றோய் கழகத்தின் கெவின் மறே ஆகிய மூவரும் அருகருகே எழுதப்பட்டனர். விற்றன் அணித்தலைவராகவும் குறிக்கப்பட்டார். கடைவரிசையின் நடுவில், டூலின் இறுதி இரு பருவங்களில் அவருடன் ஆடிய ஸ்ரீபன் சில்வானி. அவ்வரிசையின் ஓர் இடத்தையோ தெரிவாளர் பின்வரிசையினர் எவருக்கும் கொடுக்கவில்லை. பந்தெழுப்புமிடத்திற் புகழ்பெற்ற ஜோன் நிக்கல்ஸை அங்கே நிறுத்தினர். 1972 இற் டூல் தம் முதற் பட்டத்தை வென்றபோது அவருக்கு அணித்தலைவராகவும் பயிற்றுநராகவும் இருந்தவர் அந்த நிக்கல்ஸ்தான்.